வண்டி வாங்கு கண்ணு, கணக்கை என்னிடம் கொடு

நாமக்கல்

அன்பு மகனுக்கு,

இந்தூரில் லோடுக்குக் காத்திருந்தபடி நீ அப்பாவிடம் பேசியதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். சொந்த வண்டி வாங்கப் போகிறேன் என்றாய். "வாங்கு" என்று ஒரே வார்த்தையில் அப்பா முடித்துவிட்டார். நானும் வாங்கு என்றுதான் சொல்கிறேன். ஆனால் அவர் ஓட்டிய காலம் முழுக்க அந்த லாரியின் வரவு செலவை நோட்டில் எழுதியவள் நான். போனில் சொன்னால் "சரிம்மா" என்று வைத்துவிடுவாய். எழுதி வைத்தால் மறுபடி எடுத்துப் பார்ப்பாய்.

நீ சொன்ன கணக்கில் டீசல் இருந்தது, சுங்கம் இருந்தது, தவணை இருந்தது. டிரைவர் சம்பளத்தைக் காணோம். நானே ஓட்டுவதால் அது மிச்சம் என்றாய். இன்று அடுத்தவர் வண்டியில் ஏறினாலும் நடைக்கு இவ்வளவு என்று சம்பளமும் படியும் உன் கைக்கு வந்துவிடுகிறது. வண்டி லாபத்தில் ஓடுகிறதா, நஷ்டத்தில் ஓடுகிறதா என்பது முதலாளியின் கவலை. நாளை உன் வண்டியில் எல்லாச் செலவும் போக மாதம் முப்பதாயிரம் நின்றால், அது நீ கண் விழித்து ஓட்டியதற்கான கூலிதான். வண்டி தன் பங்குக்கு ஒரு ரூபாய்கூடச் சம்பாதிக்கவில்லை என்று அர்த்தம். நம் நாமக்கல், சங்ககிரிப் பக்கம் ஒற்றை வண்டி வைத்துத் தானே ஓட்டியவர்களில் பலர் சறுக்கிய இடம் இதுதான். இரண்டு மூன்று வருடம் கையில் காசு புழங்கும். என்ஜின் வேலை வந்ததும் பட்டறையில் கடன் சொல்லி நிற்பார்கள். அதனால் முதல் நடையிலிருந்தே உனக்கு டிரைவர் சம்பளம் எழுது. அதை மருமகள் கையில் கொடு, வீடு அதில் நடக்கட்டும். மீதி வண்டியின் காசு. அதில் வீட்டில் யாரும் கை வைக்கக் கூடாது, நானும் சேர்த்துத்தான்.

அடுத்தது கடன். பைனான்ஸ்காரர் எட்டு சதவீத வட்டி என்றதும் உனக்கு மலிவாகத் தெரிந்திருக்கிறது. அது பிளாட் வட்டி. 16 லட்சம் கடன், 48 மாதம் என்று வைத்துக்கொள். வருடத்துக்கு 1,28,000 வட்டி, நான்கு வருடத்துக்கு 5,12,000. மொத்தம் 21,12,000 ரூபாய், மாதத் தவணை 44,000. அசல் பாதி அடைந்த பிறகும் முழு 16 லட்சத்துக்கே வட்டி கட்டிக்கொண்டிருப்பாய். அசல் குறையக் குறைய வட்டி குறையும் வங்கி முறைக்கு மாற்றிப் பார்த்தால் இது 14 சதவீதத்தைத் தாண்டிவிடும். வங்கியில் 12 என்று சொன்னால் அதுதான் மலிவு. கையெழுத்துப் போடும் முன் மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும் என்று மட்டும் கேள். அந்த ஒரு தொகை போதும்.

இந்த 44,000-உடன் இன்சூரன்ஸ், காலாண்டு வரி, மற்ற மாநிலங்களில் ஓட்ட வருடத்துக்கு 16,500 ரூபாய் நேஷனல் பெர்மிட், எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று எல்லாவற்றுக்கும் மாதம் ஒரு பத்தாயிரம் ஒதுக்கினால் 54,000 ஆகிறது. ஒரு நாளைக்கு 1,800 ரூபாய். சக்கரம் ஒரு முழம்கூட நகராத நாளுக்கும் இது உண்டு. இந்தூரில் நீ லோடுக்காகக் கிடந்த நாட்களை இதனோடு பெருக்கிப் பார். இங்கிருந்து ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு போக வழி இருக்கிறது. அங்கிருந்து சோயாப் புண்ணாக்கோ, நாசிக் வெங்காயமோ எத்தனை நாளில் கிடைக்கும் என்பதில்தான் பிழைப்பே இருக்கிறது. அதிக வாடகைக்காக நான்கு நாள் காத்திருப்பதா, குறைந்த வாடகைக்கு இன்றே ஏற்றுவதா என்ற கேள்வி வந்தால், இந்த 1,800-ஐ வைத்து முடிவெடு. இறக்குகிற இடத்தில் நிற்க வைத்தால் காத்திருந்ததற்கான ஹால்டிங் காசைக் கூச்சப்படாமல் கேள்.

ஓடும் செலவில் டீசலை எல்லோரும் கணக்கெடுப்பார்கள். லோடோடு லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர், டீசல் 92 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு 23 ரூபாய். கண்ணுக்குத் தெரியாமல் கரைவது டயர். பத்து டயரும் புதிதாக மாற்றினால் இரண்டு லட்சம். முன்னால் புது டயர், பின்னால் ரீட்ரெட் (தேய்ந்த டயருக்கு மேல் புது ரப்பர் ஒட்டியது) என்று ஓட்டினாலும், ஓடுகிற ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இரண்டு ரூபாய் தனியாக எடுத்து வைத்துவிடு. நான் அப்படித்தான் செய்தேன். நடை முடிந்து வந்ததும் மீட்டரைப் பார்த்து, அந்தக் காசை வேறு வங்கிக் கணக்கில் போட்ட பிறகுதான் அப்பா சாப்பிட உட்காருவார்.

தார்ப்பாயில் சிக்கனம் பார்க்காதே. ஒரு மழைக்காலத்தில் பழைய தார்ப்பாயின் தையல் விட்டு மேல் வரிசை மூட்டைகள் நனைந்துவிட்டன. வடக்கே ஒரு வியாபாரி நனைந்ததற்கு மட்டும் பிடிக்காமல், பாக்கி வாடகை முழுவதையும் நிறுத்திக்கொண்டார். புதுத் தார்ப்பாயின் விலை அதில் பாதிகூட வராது. வெங்காயம் ஏற்றினால் ஏற்றிய இடத்து எடைச் சீட்டைப் பத்திரமாக வை. வழியில் காய்ந்து எடை குறைவது வெங்காயத்தின் இயல்பு. சீட்டு இல்லையென்றால் பழி உன் தலையில் விழும்.

இனி எனக்குத் தூக்கம் வராத விஷயம். சொந்த வண்டி என்றதும் மிச்சம் பிடிக்கிற ஆசையில் தோப்பூர்க் கணவாயில் நியூட்ரலில் இறக்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தர்மபுரியிலிருந்து பாரத்தோடு இறங்கும்போது கியர் பிடிப்பு இல்லாமல் பிரேக்கை மட்டும் நம்பினால், பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். கீழே இரட்டைப் பாலத்தில் என்ன நடந்திருக்கிறது என்று உனக்கே தெரியும். அதில் டீசலும் மிச்சமாவதில்லை கண்ணு. இப்போதைய என்ஜின்களில் கியரில் இருந்தபடி ஆக்ஸிலேட்டரை விட்டால் டீசல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் என்ஜின் தன்னை ஓட்டிக்கொள்ள டீசலைக் குடிக்கும். மெக்கானிக்கிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

அதிக பாரமும் அப்படியே. மூன்று டன் கூடுதலாக ஏற்றிப் பிடிபட்டால் அபராதம் 20,000, அதன்மேல் டன்னுக்கு 2,000 வீதம் 6,000, ஆக 26,000 ரூபாய். இறக்கி வைக்கிற செலவு வேறு. ஸ்பிரிங் பட்டை முறிவதும் டயர் வெடிப்பதும் அந்தக் கணக்கில் வராதவை.

வருமான வரிக்கு ஒரு சௌகரியம் உண்டு. பத்து வண்டிக்கு மேல் இல்லாதவர்கள், கனரக வண்டியென்றால் டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய் வருமானம் என்று காட்டலாம். 28.5 டன் வண்டிக்கு 28,500. ஆடிட்டரிடம் போய் வருடம் தவறாமல் தாக்கல் செய். அடுத்த கடனுக்கு வங்கி கேட்பது அதைத்தான். ஆனால் நம் நோட்டு நமக்காக. அதில் எட்டணாவும் விடக் கூடாது.

புது வண்டி வேண்டாம். ஐந்து வருடம் ஓடிய பத்துச் சக்கர வண்டி பார். அதற்கு 15 வயது வரை நேஷனல் பெர்மிட் கிடைக்கும், ஆறு சக்கர வண்டிக்கு 12 வரைதான். எட்டு வயதானால் எஃப்.சி. வருடா வருடம் காட்ட வேண்டும், அதையும் மனதில் வை. 2025 அக்டோபரிலிருந்து தயாராகும் லாரிகளுக்கு ஏ.சி. கேபின் கட்டாயமாக்கிவிட்டார்கள். உனக்கும் அது கிடைத்தால் என்று மனம் அடித்துக்கொள்கிறது. இந்த முறை முடியாது. பழைய கடன் தீர்ந்த தடையில்லாச் சான்று, நிலுவையில் இருக்கும் அபராதங்கள், வரி பாக்கி மூன்றையும் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதே. அப்பாவுக்கு இடுப்பு வலி இருந்தாலும் வண்டி பார்க்க வருகிறேன் என்கிறார். அடிச்சட்டமான சேஸில் வெல்டிங் வைத்திருக்கிறதா என்று படுத்துப் பார்க்க அவரால் முடியாது. பட்டறைக்காரரையும் கூட்டிக்கொள்.

மருமகள் நகையைத் தருகிறேன் என்று சொன்னாளாம். வாங்காதே. தபால் நிலையத்தில் நான் போட்ட பணம் தை மாதம் முதிர்கிறது. அது உனக்குத்தான். ஆனால் முன்பணத்தில் சேர்க்கத் தர மாட்டேன். வண்டி பட்டறையில் நிற்கிற மாதங்களின் தவணைக்காக மூன்று மாதத் தவணைக்கு ஆகும் தொகையை உன் பெயரிலேயே போட்டு வைப்போம். முன்பணத்துக்கு உன் சேமிப்பு போதவில்லையென்றால் இன்னும் ஆறு மாதம் இதே வண்டியில் ஓட்டு. வரும்போது பழைய நடைச் சீட்டுகளை எல்லாம் எடுத்து வா, உட்கார்ந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
அம்மா