எங்கள் பெரிய மூலைமட்டம் பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மேஸ்திரி அண்ணன்களுக்கும், ஆசாரிமார்களுக்கும், வகுப்பில் காட்டுவதற்காக நம்மிடம் மூலைமட்டம் வாங்கும் கணக்கு ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

கட்டட வேலைக்காரர்களின் வாட்ஸ்ஆப் குழுக்களில் ஒரு குரல் பதிவு சுற்றிக்கொண்டிருக்கிறது. உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். சிலர் அக்கறையோடு எனக்கே அனுப்பியும் வைத்தீர்கள். "அந்தப் பட்டறை பெரிய மட்டம் ஆறு எம்.எம். கட்டையா இருக்கு. பழைய தமிழ்ப் பாட்டுக் கணக்குல போட்டுப் பார்த்தேன், இடிக்குது. இரும்பை மிச்சம் பிடிக்கிறாங்க" என்கிறது அந்தக் குரல். பேசியவரை எனக்குத் தெரியும். கை சுத்தமான வேலைக்காரர். அவர் பெயரை இங்கே இழுக்கவில்லை. ஆனால் பதில் சொல்லாமல் விட்டால் உண்மையாகிவிடும் என்பதால் எழுதுகிறேன்.

மூலை சரியாக 90 பாகையில் நிற்கிறதா என்று பார்க்கும் இந்த முக்கோண மட்டம் நம்மிடம் வழக்கமாக மூன்று அளவுகளில் உண்டு. சின்னது 30, 40, 50 சென்டிமீட்டர். ஒடுக்கமான இடத்துக்கு 25, 60, 65. பெரியது 40, 75, 85. முதல் இரண்டு எண்கள் கைகள், மூன்றாவது சாய்வுப் பட்டை. அந்தச் சாய்வைத்தான் பாட்டுக் கணக்கு கர்ணம் என்கிறது.

கணக்கு உங்களில் பலருக்கு மனப்பாடம். நீளமான கையை எட்டுப் பங்காக்கி ஒரு பங்கைத் தள்ளு. மற்றக் கையில் பாதியை எடுத்துச் சேர். வருவது கர்ணம். வர்க்கமூலம் தேவையில்லை. நம் சின்ன மட்டத்தில் போடுங்கள்: 40-இல் எட்டில் ஒன்று போனால் 35, அதோடு 15, சரியாக 50. அடுத்தது: 60-இல் போனது போக 52.5, அதோடு 12.5, சரியாக 65. இப்போது பெரியது: 75-இல் எட்டில் ஒன்று போக 65.625, அதோடு 20, மொத்தம் 85.625. நம் பட்டை 85 தான். ஆறேகால் எம்.எம். குறைகிறது!

இரண்டு சரியாக வந்து மூன்றாவது இடித்தால் யாருக்கும் மட்டத்தின் மேல்தான் சந்தேகம் வரும். அதனால் அவரைக் குறை சொல்ல மாட்டேன். இடிப்பது மட்டமல்ல, கணக்கு. கைகள் 3க்கு 4, 5க்கு 12 என்ற இரண்டு விகிதங்களில் இருந்தால் மட்டுமே அந்த வழி அச்சு அசலாக விடை தரும். நம் முதல் இரண்டு மட்டங்களும் தற்செயலாக அதே இரண்டு வடிவம். அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட விகிதங்களில் கணக்கு கொஞ்சம் கூட்டிச் சொல்லும், வெளியே போனால் குறைத்துச் சொல்லும். பத்துக்குப் பத்து அறையின் மூலைவிட்டத்தை 13 அடி 9 அங்குலம் என்று சொல்லும். டேப் பிடித்தால் 14 அடி ஒன்றரை அங்குலத்துக்கும் மேலே நிற்கும். இன்னும் ஒடுக்கமாக, 9க்கு 40 போட்டுப் பாருங்கள்: கர்ணம் 39.5 வரும். சாய்வு, கையைவிடச் சின்னது! ஆசிரியர்கள் வகுப்பில் இதைக் கேட்டுப் பார்க்கலாம், பிள்ளைகள் சிரிப்பார்கள். கூரை மரத்துக்குத் தோராயம் பார்க்க அந்தக் கணக்கு நல்ல கைவேலைதான், நானே பயன்படுத்துகிறேன். மட்டத்தைப் பரிசோதிக்க அது போதாது.

பரிசோதனைக்கு வர்க்கம்தான் வழி: மூலை 90 பாகை என்றால் இரண்டு கைகளின் வர்க்கங்களைக் கூட்டினால் சாய்வின் வர்க்கம் வர வேண்டும். 40-இன் வர்க்கம் 1600, 75-இன் வர்க்கம் 5625, கூட்டினால் 7225. அது 85-இன் வர்க்கம். மீதி ஒன்றும் இல்லை. அவர் சொல்கிற 85.625-இல் பட்டை வெட்டினால் மூலை 91 பாகையாகத் திறந்துவிடும். அதை நம்பி நூல் கட்டினால் 30 அடிச் சுவர் முடியும் இடத்தில் ஆறங்குலத்துக்கு மேல் விலகி நிற்கும். அப்புறம் டைல்ஸ் போடுகிறவர் யாரைத் திட்டுவார்?

இரும்பு மிச்சம் பற்றி. இதுதான் மனதில் தைத்தது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். நாம் போடுவது 25க்கு 3 எம்.எம். ஃபிளாட். ஒரு மீட்டர் 590 கிராம் வரும். ஆறேகால் எம்.எம். என்றால் நாலு கிராம்கூட இல்லை, காசாக்கினால் ஐம்பது பைசாவைத் தொடாது. ஐம்பது பைசாவுக்காக மூலையைக் கெடுக்கிறவன் இந்தத் தொழிலில் ஒரு மழைக்காலம் தாங்குவானா? பட்டறைக்குள் வரும் யார் வேண்டுமானாலும் வெட்டி விழும் துண்டுகளை எடை போட்டுப் பார்க்கலாம். தராசு வாசலிலேயே இருக்கிறது.

ஏன் இந்த அளவுகள் என்று சிலர் கேட்டீர்கள். மூன்று பட்டையும் முழு எண்ணில் இருந்தால் டேப்பில் தெளிவான கோட்டில் வெட்டலாம், உங்களாலும் திரும்ப அளக்க முடியும். இரண்டு கையும் சமமாக வைத்தால் அது நடக்காது. 50க்கு 50 என்றால் சாய்வு 70.71-க்கு அப்புறமும் தசமம் முடிவில்லாமல் போகும். எந்த அளவில் வெட்டினாலும் அதே கதைதான். அதற்குக் கிட்டத்தில் வருவது 20, 21, 29. அடுத்தது 119, 120, 169. சமக் கை கேட்கிறவர்களுக்கு 60, 63, 87 செய்து தருகிறோம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

இப்படி மூன்று பக்கமும் முழு எண்ணாக வரும் செங்கோண முக்கோணங்களைக் கண்டுபிடிக்க எளிதான வழிகள் உண்டு. ஒற்றைப்படை எண்ணின் வர்க்கத்தைப் பக்கத்துப் பக்கத்து எண்கள் இரண்டாகப் பிரியுங்கள்: 3-இன் வர்க்கம் 9 என்பது 4, 5, ஆக 3, 4, 5. 25 என்பது 12, 13. 49 என்பது 24, 25. இரட்டைப்படை என்றால் பாதியின் வர்க்கத்தில் ஒன்று குறைத்து, ஒன்று கூட்டுங்கள்: 8-இன் பாதி 4, வர்க்கம் 16, ஆக 8, 15, 17. நம் பெரிய மட்டம் இதை ஐந்தால் பெருக்கியது. (20, 21, 29 இந்த இரண்டு வழியிலும் வராது. அதற்கு வேறு வழி, நேரில் வாருங்கள்.) எந்த முழு எண் செங்கோண முக்கோணத்தை எடுத்தாலும் மூன்று பக்கங்களையும் பெருக்கினால் 60-ஆல் மீதியின்றி வகுபடும். பில் போடும்போது அளவு தப்பாக எழுதிவிட்டோமா என்று நான் பார்ப்பது இப்படித்தான். இதில் தேறினால் மட்டும் அளவு சரி என்று ஆகாது, தேறாவிட்டால் தப்பு நிச்சயம்.

8, 15, 17 என்பது நான் கிளப்பிவிட்ட புது அளவும் அல்ல. போதாயன சுல்ப சூத்திரம் என்ற பழைய வடமொழி அளவை நூல் வேள்விக் களத்துக்குச் சொல்லும் செவ்வகங்களில் 3-4, 12-5-க்கு அடுத்து 15-8 வருகிறது. இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கும் பாபிலோனிய நில அளவைக் களிமண் பலகையிலும் இதே மூன்று வடிவங்களைப் பார்க்கலாம். ஏறக்குறைய மூவாயிரத்து எழுநூறு வருடத்துக்கு முன்னால் வயல் பிரித்த ஆள் நம்பிய அளவு அது.

வாங்கியவர்கள் கணக்கே போடாமல் பார்க்க ஒரு வழி இருக்கிறது. நேரான பலகை விளிம்பில் மட்டத்தை வைத்துக் கோடு போடுங்கள். மட்டத்தை அப்படியே புரட்டி, அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு போடுங்கள். இரண்டு கோடும் ஒன்றன் மேல் ஒன்று விழ வேண்டும். விலகினால் மட்டத்தை எடுத்து வாருங்கள், பழைய பில் இல்லாவிட்டாலும் மாற்றித் தருகிறேன். பக்கங்களை அளப்பதாக இருந்தால் வெளி விளிம்பில் மூலைக்கு மூலை பிடியுங்கள். உள்பக்கம் பிடித்தால் எல்லாமே குறைவாகத்தான் காட்டும்.

இந்தக் குரல் பதிவைக் கேட்ட பிறகும் ஆர்டரை நிறுத்தாத எல்லாருக்கும் நன்றி. "பத்து வீடு இந்த மட்டத்துல கட்டிட்டேன், எங்கே கோணல்னு காட்டு" என்று அந்தக் குழுவிலேயே பதில் போட்ட மேஸ்திரி அண்ணனுக்குத் தனியாக ஒரு கும்பிடு. வகுப்புக்கு மூன்று அளவையும் சேர்த்து வாங்கிப் போன டீச்சருக்கும்.

வெல்டிங் பார்த்த தம்பி வளைகுடாவுக்குப் போய்விட்டதால் பெரிய மட்டம் இனி முன்கூட்டிச் சொன்னால்தான் கிடைக்கும், விலையிலும் அடுத்த மாதம் முதல் அளவுக்கு 40 ரூபாய் கூடுகிறது. சின்னதும் ஒடுக்கமானதும் எப்போதும் போலக் கையிருப்பில் உண்டு. புரட்டிப் பார்க்கும் பலகையை வாசலில் போட்டு வைத்திருக்கிறேன், பென்சிலும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் மட்டும் வராதீர்கள், பூட்டியிருக்கும்.

அன்புடன்,
பட்டறை உரிமையாளர்