ரெண்டு வாளிக் கணக்கு

மேடவாக்கம்
ஞாயிறு காலை

அன்புள்ள வசந்தி,

இங்கே எல்லோரும் நலம். இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. உன் மருமகளுக்குச் சுகப்பிரசவம் என்று கோமதி சொன்னாள். பேத்திக்கு என் முத்தம்.

மூன்று மாதமாக நான் உன்னைக் கூப்பிடவில்லை. நீ ரெண்டு முறை கூப்பிட்டும் எடுக்கவில்லை. வேலை இருந்தது, உடம்பு சரியில்லை என்றெல்லாம் உன்னிடம் பொய் சொல்ல வராது. கோபம்தான். அதைப் போனில் சொன்னால் இடையில் புகுந்து என்னைச் சிரிக்க வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் அந்தத் தண்ணீர்ப் பில்லை முடித்துவிடுவோம். சித்திரையில் நீ ரசீதைப் படம் பிடித்து அனுப்பி, "பார்த்தியாடி, ஆறு மாசத்துக்குச் சேர்த்தே ஆயிரத்தைத் தொடல" என்று பீற்றிக்கொண்டாயே, அதற்கு என் பதில் கணக்கு இதோ. எங்கள் குடியிருப்பில் 48 வீடு. போர் தண்ணீர் உப்புக் கரித்துப்போய்ப் பாத்திரமெல்லாம் வெள்ளை பூக்கிறது. ஏப்ரலில் மட்டும் 52 லாரி இறக்கினோம். லாரிக்கு 12,000 லிட்டர், 1,700 ரூபாய். மொத்தம் 88,400. வீட்டுக்குப் பிரித்தால் 1,842 ரூபாய். குடிக்கக் கேன் வாங்குவது தனியாக ஒரு 400. வீட்டு மீட்டர் கிடையாது. நாங்கள் ரெண்டு பேர், எதிர்வீட்டில் ஏழு பேர், பணம் ஒன்றுதான். உனக்கென்ன, திருச்சிக்காரி, கம்பரசம்பேட்டையில் காவிரி மணலுக்குள் கிணறு இறக்கி எடுத்த தண்ணீர் வாசலுக்கே வருகிறது. அதையும் பாசி வாடை அடிக்கிறது என்று குறை சொல்கிறாய். 2019-இல் இங்கே சென்னையில் ஏரியெல்லாம் தரை தெரிந்து, ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகனில் 25 லட்சம் லிட்டர் வில்லிவாக்கத்துக்கு ரயிலில் வந்ததே, அன்றைக்கும் நீதான் போன் பண்ணி, "நம்ம காவிரியத்தான் அனுப்பியிருக்கேன், சிந்தாம எறக்கிக்கோ" என்றாய். அதற்கு மட்டும் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வரும்.

ஆனால் சித்திரையில் நீ சொன்னதற்குச் சிரிக்க முடியவில்லை. லாரிக் கணக்கை நான் சொல்லி முடித்ததும், "நீங்கள்லாம் காசு குடுத்து அளந்து குளிக்கிறீங்க. ஜெயில்ல இருக்கறவன் ஓசித் தண்ணியில முங்கி முங்கிக் குளிக்கிறான். அவனுங்களுக்கு எதுக்குடி அத்தனை தண்ணி?" என்றாய். நான் அடுப்பில் பால் இருக்கிறது என்று போனை வைத்தேன்.

அதற்கு முந்தின நாள்தான் நான் ஒரு சிறைக்குப் போய் வந்திருந்தேன், வசந்தி. உன்னிடம் சொல்லவில்லை. இவரைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் குடியிருப்பில் லாரி வந்தால் ஹோஸைத் தொட்டிக்குள் இறக்கி, வால்வு திறந்து, மோட்டார் போடுகிறவர் ஒருவர் இருக்கிறார். வாட்ச்மேன் வேலையும் அவருக்குத்தான். அவருடைய பையனுக்கு இருபத்திரண்டு வயது. சொந்த ஊர்த் திருவிழாவில் ஏதோ அடிதடி. ஏழெட்டுப் பேர் மேல் வழக்கு, அதில் இவன் பெயரும் இருக்கிறது. அடித்தானா, விலக்கப் போனானா என்று எனக்குத் தெரியாது. கோர்ட் பார்த்துக்கொள்ளட்டும். எனக்கு நெஞ்சு அடைத்தது வேறு விஷயத்தில். பத்தொன்பதாம் நாளே ஜாமீன் கிடைத்துவிட்டது. ஆனால் ரெண்டு பேர் ஜாமீன்தாரராக நிற்க வேண்டும், வீட்டு வரி ரசீதோடு. அவருடைய சொந்தபந்தத்தில் வரி கட்டுகிற வீடு வைத்திருப்பவர் ஒருவர்தான் இருந்தார். இன்னொரு கையெழுத்து இல்லாமல் பையன் மேற்கொண்டு ரெண்டு மாதம் உள்ளேயே கிடந்தான். அந்த ரெண்டு மாதமும் அவனுடைய அப்பா எங்கள் தொட்டிக்கு லாரி இறக்கிக்கொண்டிருந்தார். நான் தினம் அவரைப் பார்த்து, "இன்னிக்கு எத்தனை லோடு?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவர் மனைவி ஒருநாள் படியில் உட்கார்ந்து அழுததால்தான் எனக்கு விஷயமே தெரிந்தது. மறுநாள் அந்த அம்மாவோடு நானும் சிறையில் மனுப் போட்டுப் பையனைப் பார்க்கப் போனேன். இங்கிருந்து பஸ்ஸில் ரெண்டு மணி நேரம், ஒரு சின்னக் கிளைச் சிறை. ஊர் பெயர் எழுதவில்லை, பையனுக்கு இன்னும் வாய்தா இருக்கிறது. ரெண்டு வரிசைக் கம்பி வலை. இந்தப் பக்கம் நாங்கள் பத்துப் பதினைந்து பேர், அந்தப் பக்கம் அவர்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். அந்த அம்மா முதலில் என்ன கேட்டாள் தெரியுமா? ஊரில் எந்தத் தாயும் சாப்பிட்டியா என்றுதான் கேட்பாள். இவள், "குளிச்சியாடா?" என்று கேட்டாள்.

அவன் விரலிடுக்கெல்லாம் சிரங்கு. வலைக்கு அந்தப் பக்கத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது. சொறிந்து சொறிந்து தோல் உரிந்திருந்தது. "நேத்து எனக்கு முறை வந்துச்சும்மா. இருபத்திரண்டு மக். அதுலயே கைலியும் அலசிட்டேன்" என்றான். எத்தனை மக் என்று அவன் எண்ணி வைத்திருந்தான். காலையில் ஒரு மணி நேரம் தொட்டியில் தண்ணீர் விடுவார்களாம். இருக்கிற ஆள் எண்ணிக்கை கட்டிடத்துக்கு ஒன்றரை மடங்கு. முன்னால் போனவனுக்குக் கிடைக்கும்.

திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு நம்முடைய ஹாஸ்டல்தான் ஞாபகம் வந்தது. ஆளுக்கு ரெண்டு வாளி. பரீட்சை சமயத்தில் தலைக்கு ஊற்ற ஒரு வாளி கூடுதலாகக் கேட்டதற்கு வார்டன் சொன்ன சொல் உனக்கு மறந்திருக்காது. அதற்கு நீ மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தாய், வசந்தி. "தண்ணிக்குக் கெஞ்ச வெச்சா மனுஷன் மனுஷனா இருக்க மாட்டான்" என்று மாடிப்படியில் நின்று கத்தியது நீ. உனக்குப் பதினெட்டு வயது. நான் உன் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ஷவருக்குக் கீழே வாளியை வைத்து அளந்து பார்த்தேன். நான் ஒரு குளியலுக்கு விடுகிற தண்ணீர் நாலரை வாளி. 80 லிட்டர் வரும். நகரத்தில் ஒரு ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் தர வேண்டும் என்பது அரசாங்கம் வைத்திருக்கிற அளவு. குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க, கக்கூசுக்கு எல்லாம் சேர்த்து. எங்கள் லாரிக் கணக்கை வகுத்தால் எனக்கும் இவருக்கும் ஆளுக்கு 216 லிட்டர் வருகிறது. இன்னொன்றையும் கேள். மத்திய அரசு 2016-இல் கொடுத்த மாதிரிச் சிறைக் கையேட்டில் ஒரு கைதிக்கு எழுதியிருக்கிற அளவும் அதே 135 லிட்டர். உனக்கும் எனக்கும் அந்தப் பையனுக்கும் ஏட்டில் ஒரே அளவு போட்டிருக்கிறார்கள். அதைப் படித்தபோது எனக்கு அந்த ஏட்டை எழுதியவர்கள் மேல் மரியாதை வந்தது. அவன் கைக்கு வந்தது இருபத்திரண்டு மக்.

நீ ஏன் அப்படிச் சொன்னாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. பெரியக்கா. சங்கிலியைப் பிடித்து இழுத்தவன் அக்காவைத் தரையில் தேய்த்துக்கொண்டே போனான். அக்காவுக்கு இடுப்பு ஒடிந்தது. அதற்கப்புறம் அக்கா படுக்கையை விட்டு எழவே இல்லை. அவன் ஜாமீனில் வந்து அதே தெருவில் நடந்ததை நீ கண்ணால் பார்த்தாய். உன் இடத்தில் நான் இருந்தாலும் என் வாயில் நல்ல வார்த்தை வந்திருக்காது. அவனைப் பிடித்து உள்ளே போடு என்றால் நானும் உன்னோடு வந்து சாட்சிக் கூண்டில் நிற்பேன். கதவைப் பூட்டுவதுதான் தண்டனை, வசந்தி. வெளியே வர முடியாது, பிள்ளையைத் தூக்க முடியாது, நினைத்த நேரத்தில் ஒரு டீ குடிக்க முடியாது, அதுதான் கோர்ட் கொடுத்தது. சிரங்கைக் கோர்ட் கொடுக்கவில்லை.

இன்னும் ஒன்று, உள்ளே இருப்பவர்களில் பெரும்பாலோர் தீர்ப்பை எதிர்நோக்கிக் காத்திருப்பவர்கள்தான். குற்றவாளியா இல்லையா என்றே இன்னும் முடிவாகவில்லை. 2022 கடைசியில் நாடு முழுக்கச் சிறையில் இருந்தவர்கள் 5 லட்சத்து 73 ஆயிரம் பேர். அதில் 4 லட்சத்து 34 ஆயிரம் பேர் விசாரணைக் கைதிகள். நாலில் மூன்று பேர். இது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் போட்ட கணக்கு. இவன் மாதிரி ஜாமீன் கிடைத்தும் கையெழுத்துக்கு ஆளில்லாமல் கிடப்பவர்களும் இதில் உண்டு. ஜாமீன் கொடுத்து ஏழு நாளில் ஒருவர் வெளியே போகவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும், அவர்கள் உதவி செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது. எங்கள் வக்கீல்தான் சொன்னார். பையன் வீட்டில் ஒருவருக்கும் இது தெரியாது. உங்கள் தெருவில், பள்ளிக்கூடத்தில் யாருக்காவது இப்படி ஒரு கஷ்டம் வந்தால் முதலில் இதைச் சொல்.

உன் ஊர்க்காரரை நினைத்துப் பார். ஸ்டான் சாமி பாதிரியார். திருச்சிப் பக்கத்தில் பிறந்து ஜார்க்கண்ட் ஆதிவாசிகளோடு வாழ்ந்தவர். 2020 அக்டோபரில் பிடித்துக்கொண்டு போய் மும்பைக்குப் பக்கத்தில் தலோஜா சிறையில் வைத்தார்கள். எண்பது தாண்டிய உடம்பு. நடுக்குவாதத்தில் கை ஆடும், டம்ளரைப் பிடிக்க முடியாது. தண்ணீர் குடிக்க ஒரு உறிஞ்சு குழலும் மூடி போட்ட குவளையும் வேண்டும் என்று அவர் கோர்ட்டில் மனு போட வேண்டியிருந்தது. பதில் சொல்ல, அவரைப் பிடித்த தேசியப் புலனாய்வு முகமைக்கு 20 நாள் அவகாசம். 2021 ஜூலை 5-ஆம் தேதி ஜாமீன் மனு நிலுவையில் இருக்கும்போதே ஆஸ்பத்திரியில் இறந்துபோனார், 84 வயதில். அந்த வாரம் நீ எனக்குப் போன் பண்ணி, "ஒரு உறிஞ்சு குழல்டி, கடையில அஞ்சு ரூபாகூட இல்ல" என்று அழுதாய். நீ மறந்திருந்தாலும் எனக்கு உன் குரல் அப்படியே இருக்கிறது. அந்த வசந்திக்குத்தான் இந்தக் கடிதம்.

கைதி எப்போது குடிதண்ணீர் கேட்டாலும் கிடைக்க வேண்டும் என்று ஐ.நா. சபை 2015-இல் விதியே எழுதிவிட்டது. மண்டேலா விதிகள் என்று பெயர், அதில் 22-வது. இருபத்தேழு வருஷம் உள்ளே இருந்த மனிதர் பெயரை வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் இதற்கெல்லாம் வழி திறந்துவிட்டவர் நீதிபதி கிருஷ்ணய்யர். டெல்லி திகார் சிறையில் இருந்த சுனில் பத்ரா என்ற கைதி, பக்கத்துக் கைதியை வார்டர் சித்திரவதை செய்ததைப் பற்றி உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டான். அந்தக் கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டு 1979-இல் தீர்ப்பு எழுதினார்கள். சாதாரணக் கடிதம்டி, நான் உனக்கு எழுதுவது மாதிரி. கிருஷ்ணய்யர் 1957-இல் கேரளாவில் மந்திரியாக இருந்தபோது அவரிடம் இருந்த துறைகளைப் பார்த்தேன். பாசனமும் சிறையும் அவர் ஒருவர் கையிலேயே இருந்தன. அதைப் படித்த அன்று இவரை எழுப்பி உட்கார வைத்துச் சொன்னேன்.

சரி, நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். வைகாசியில் என் வீட்டு வரி ரசீது, ஆதார், ரெண்டு போட்டோ எல்லாம் எடுத்துக்கொண்டு போய்க் கையெழுத்துப் போட்டேன். மகன் அமெரிக்காவிலிருந்து, "அம்மா, அவன் ஓடிப்போனா உன் தலையில விடியும்" என்று கத்தினான். உன் மருமகன் போலீஸில் இருப்பதால் நீயும் அதையே சொல்வாய். சொல்லு. நான் போட்டுவிட்டேன். ரெண்டு வாய்தாவுக்கும் அவன் ஒழுங்காகப் போய் வந்திருக்கிறான்.

வெளியே வந்த மறுவாரம் அப்பாவுக்கு உதவியாக லாரி இறக்க வந்தான். சிரங்கு ஆறிக் கையெல்லாம் தழும்பு. ஹோஸ் பூட்டுகிற இடத்தில் வாஷர் தேய்ந்து ஒழுகும், வருஷக்கணக்காக ஒழுகுகிறது, ஒவ்வொரு லோடுக்கும் தரையில் ஓடிச் சாக்கடைக்குப் போகும். ஒருவரும் கண்டுகொண்டதில்லை, நானும்தான். அவன் பெருக்குகிற அம்மாவிடம் வாளி வாங்கி வந்து அடியில் வைத்தான். லாரி காலியாகும்வரை பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். வாளி நிரம்பி வழியப் போகிற நேரத்தில் இன்னொன்று கேட்டான். ரெண்டு வாளி, வசந்தி. ஒரு லோடுக்கு.

மறுநாள் சங்கக் கூட்டத்தில் வாஷருக்கும் வீட்டுக்கு வீடு மீட்டருக்கும் சேர்த்துப் பேசினேன். வாஷர் மாற்றியாயிற்று. மீட்டருக்கு எதிர்வீடு ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த கூட்டத்திலும் கேட்பேன்.

ஆடிப்பெருக்குக்கு வருகிறேன். கோமதியும் வருவாள். அம்மா மண்டபப் படித்துறையில் காலை விட்டுக்கொண்டு நீ என்னைத் திட்டுவதையெல்லாம் திட்டிக்கொள். பெரியக்கா பெயரில் ஒரு விளக்கு நானும் விடுகிறேன். போனை இனிமேல் எடுப்பேன்.

உன்
சகு

பி.கு.: உன் ரசீதில் பாக்கி என்று ஒரு வரி இருந்தது, கவனித்தாயா? போய்க் கட்டிவிட்டு வா.