இறைப்பணி என்று சொல்லிக் கூலியை மறக்காதவர்களுக்கு

அன்பார்ந்த அனைவருக்கும்,

ஞாயிறு திருப்பலி வாசகங்களுக்காக நான் தொகுத்துவரும் குடும்பச் சிந்தனைகளின் மூன்றாம் தொகுதி அச்சகத்துக்குப் போய்விட்டது. முதலாண்டுக்கு மத்தேயு, இரண்டாமாண்டுக்கு மாற்கு, மூன்றாமாண்டுக்கு லூக்கா என்று மூவாண்டுச் சுழற்சியும் முடிந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக்காலம் தொடங்குவதற்குள் பெங்களூரின் தமிழ்ப் பங்குக் கோவில்களுக்கு நூல் போய்ச் சேர வேண்டும். முன்னுரையில் ஆயர் பெயரும் அருட்தந்தையர் பெயர்களும் அச்சகத்தின் பெயரும் முறையாக வந்துவிடும். மெய்ப்புத் திருத்திய நாட்களில் எங்கள் வீட்டில் சாம்பார் வைத்தவர் பெயர் அங்கே வராது. அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி, தொகுதிகளை வெளியிடும் பொறுப்பில் இருக்கும் ஃபாதர் உங்களுக்கு. ‘பக்கத்துக்கு எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் அம்மா?’ என்று நீங்களே முதலில் கேட்டீர்கள். அதற்கு முன் வேறோர் இடத்தில், இறைப்பணிக்குக் கணக்குப் பார்க்கலாமா என்று என்னை வாயடைக்க வைத்திருந்தார்கள். காகிதம் விற்றவரிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. அட்டை கட்டியவரிடமும் கேட்கவில்லை. வீட்டிலிருந்து எழுதும் பெண்ணிடம் மட்டும் பக்தி கணக்கில் கழித்துக்கொள்ளப்படுகிறது. வேலையாள் தன் கூலிக்கு உரிமையுள்ளவர் என்று லூக்கா பத்தாம் அதிகாரத்தில் இயேசுவே சொல்கிறார். மூன்றாமாண்டு பொதுக்காலம் 14ஆம் ஞாயிறுக்கு அதுதான் வாசகம். அந்தப் பக்கத்தைத் திருத்தும்போது என் முகத்தில் சிரிப்பு இருந்தது என்பதை ஒளிக்க மாட்டேன்.

இன்னொன்றும் உண்டு, ஃபாதர். 2017 சட்டத் திருத்தத்திலிருந்து முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் ஊதியத்துடன் மகப்பேறு விடுப்பு கிடைத்து வருகிறது. ஆனால் அது சம்பளப் பட்டியலில் பெயர் உள்ளவர்களுக்கு. பக்கக் கணக்கில் பிழைக்கும் எங்களுக்கு ஒரு வாரமும் கிடையாது. இரண்டாம் தொகுதியின் நடுவில் என் மகன் பிறந்தபோது, அந்த ஆண்டில் மாற்குவை நிறுத்திவிட்டு அப்பத்தைப் பற்றிப் பேசும் யோவான் ஆறாம் அதிகாரத்தைத் தொடர்ந்து வாசிக்கும் ஐந்து ஞாயிறுகளை நீங்கள் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரிடம் கொடுத்தீர்கள். அப்பம், அப்பம், மறுபடியும் அப்பம் என்று ஐந்து வாரம் புதிதாக எழுதுவது எளிதல்ல. எழுதித் தந்த ஐயாவுக்கு என் வணக்கம். தாமதத்தைப் பற்றி ஒரு சொல்லும் கேட்காமல் தேதியை மாற்றிய உங்களுக்கு என் மகன் சார்பிலும் நன்றி.

அண்டை வீட்டார் கூடிச் செபிக்கும் எங்கள் அன்பியத்துப் பெண்களுக்கு நான் பட்டிருக்கும் கடன் வேறு வகையானது. வேலைக்காக நற்செய்தியை வாசிப்பவளுக்கு ஓர் ஆபத்து இருக்கிறது. திருப்பலியில் வாசகம் கேட்கும்போது காற்புள்ளி எங்கே வர வேண்டும் என்றுதான் மனம் ஓடும். வீட்டுக்கு வந்த இயேசுவின் காலடியில் மரியா அமர்ந்து கேட்க, சகோதரி மார்த்தா பணிவிடையில் அலைந்த பகுதிக்கு வந்திருந்த சிந்தனையைக் கூட்டத்தில் வாசித்துக் காட்டினேன். மரியாவைப்போல் அமர்ந்து கேளுங்கள், மார்த்தாவைப்போல் அலையாதீர்கள் என்று வழக்கமாகச் சொல்வதைத்தான் அது சொல்லியது. அலுவலகக் கட்டடம் ஒன்றில் துப்புரவு வேலை பார்க்கும் அக்கா உடனே கேட்டார்: ‘அப்படியானால் அன்று யார் சமைத்தது? இயேசு சாப்பிடாமலா போனார்?’ எல்லோரும் சிரித்தோம். பிறகு யாருக்கும் சிரிப்பு வரவில்லை. தன் வீட்டில் தான் உட்கார்ந்து கேட்க வேண்டுமென்றால் அந்த நேரத்துக்கு யாராவது அடுப்பைப் பார்க்க வேண்டும் என்றார் அவர். அந்தப் பக்கத்தை எழுதியவரின் ஒப்புதலோடு முழுதும் மாற்றினோம். இப்போது அது மனைவியரிடம் பேசவில்லை. வீட்டில் யாருக்கெல்லாம் உட்கார்ந்து கேட்க நேரம் கிடைக்கிறது என்று குடும்பம் முழுவதையும் கேட்கிறது. அன்று வீட்டுக்கு வந்த பின்தான் அந்த வாசகத்தை எனக்காக வாசித்தேன்.

அத்தைக்கு. கோலார் தங்கவயலில் பிறந்து, ‘புனித’ என்பதற்குப் பழைய சொல்லான அர்ச்சியசிஷ்ட இன்னும் நாவில் ஒட்டியிருக்கும் தலைமுறை நீங்கள். ‘இது சாமியார் பிரசங்கம் மாதிரி இருக்கிறதம்மா’ என்று நீங்கள் சொன்ன பத்திகள் எல்லாம் வெட்டுப்பட்டன. அருட்தந்தையர் மன்னிக்க வேண்டும். சாம்பார் வைத்தவரும் நீங்கள்தான்.

என் மகளுக்கும் சம்பளம் கொடுத்திருக்க வேண்டும். பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும்தான்; தமிழை ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில்தான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். விசுவாசிகள் மன்றாட்டுகளை அவளை உரக்க வாசிக்கச் சொல்வேன். அவளுக்கு மூச்சு வாங்கும் இடத்தில் வாக்கியத்தை இரண்டாக்கினேன். அதைவிடக் கறாரான மெய்ப்பாளரை நான் பார்த்ததில்லை.

சிவாஜி நகரில் எங்களுக்குப் பக்கம் வடிவமைத்த தம்பி, பழைய எழுத்துருக்களில் வந்த கட்டுரைகளை ஒருங்குறிக்கு மாற்றும்போது கொம்பு ஓரிடமும் கால் ஓரிடமும் சிதறியதைப் பொறுமையாகக் கூட்டிச் சேர்த்தார். ‘ஆயர்’ எல்லாம் ‘ஆயா’ ஆகியிருந்த ஒரு பக்கத்தை அவர்தான் பிடித்தார். அச்சாகியிருந்தால் முன்னுரையில் நன்றி சொல்லத் துணிவு இருந்திருக்காது.

தணிக்கை பார்த்த அருட்தந்தைக்கு: திருச்சபைச் சட்டம் 827இன்படி உரிய அனுமதியின்றி வெளிவந்த சமய நூலைக் கோவிலில் வைத்து விற்கக் கூடாது. ஆகவே உங்கள் மேசையில் தாமதமானால் எல்லாமே தாமதம். நீங்கள் கையெழுத்துப் படி முழுவதும் முடியட்டும் என்று காத்திருக்காமல், வழிபாட்டுக் காலங்களின்படி பிரித்து, தவக்காலத்தைத் தனியாக, பாஸ்காக் காலத்தைத் தனியாக, காரணங்களை எழுதியே திருப்பி அனுப்பினீர்கள். குழந்தை தூங்கும் நேரத்துக்குள் முடிகிற அளவான கட்டுகள் அவை.

பக்கத்து வீட்டு அக்கா தமிழ் படிக்கத் தெரியாதவர். ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 8 அன்று சிவாஜி நகர் ஆரோக்கிய அன்னைக்கு மெழுகுவர்த்தி கொண்டுபோவார். மறுநாள் தன் வீட்டுப் பிள்ளையாருக்கு விளக்கு ஏற்றுவார். என் மகனை அவர் பார்த்துக்கொண்ட மாலைகளில்தான் லூக்கா நகர்ந்தது. அக்கா, உங்கள் மகளைக் கொண்டு இதைக் கன்னடத்தில் வாசித்துக் கேளுங்கள்.

சிஸ்டர், ஹட்சின்ஸ் சாலையில் உள்ள தேசிய விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு மையத்தில் ஒரு பயிற்சியின்போது அறிமுகமானீர்கள். நான் வேலையை விட்டுவிடலாமா என்று புலம்பிய வாரத்தில், அறிவுரை சொல்லாமல், குழந்தை தெரசாவின் தாய் செலி மார்ட்டினின் கடிதங்களைக் கையில் கொடுத்தீர்கள். செலி, பிரான்சின் அலன்சோனில் வீட்டிலிருந்தே லேஸ் பின்னல் தொழில் நடத்தியவர். பெண்கள் பின்னிக் கொண்டுவரும் துண்டுகளை ஒட்டு தெரியாமல் இணைப்பது அவர் வேலை. அதைப் படித்தபோது, ஓ, இவரும் பதிப்பாசிரியர்தான் என்று தோன்றியது. ஒன்பது பிள்ளைகளைப் பெற்று நால்வரைச் சிறு வயதிலேயே பறிகொடுத்த அந்தப் பெண், கடிதங்களில் ஆர்டர்களைப் பற்றியும் களைப்பைப் பற்றியும் கடவுளைப் பற்றியும் அடுத்தடுத்த வரிகளில் எழுதுகிறார். 2015இல் கணவரோடு சேர்த்துப் புனிதராக்கப்பட்டார்.

அந்தக் கணவர் லூயி, 1870இல் தம் கடிகாரக் கடையை விற்றுவிட்டு மனைவியின் தொழிலுக்குத் துணை வந்தவர். என் கணவர் எதையும் விற்கவில்லை. விற்க எங்களிடம் கடையும் இல்லை. அவர் உதவினார் என்று எழுதவும் மாட்டேன். தம் பிள்ளைகளைத் தாமே பார்த்துக்கொண்டதற்கு உதவி என்று பெயர் வைப்பது அவருக்கே பிடிக்காது. ஆனால் இரவில் அவர் போட்டுத் தந்த காபிக்கு நன்றி. அது கடமையில் சேராது.

சிஸ்டர், உங்கள் புத்தகங்கள் இன்னும் என்னிடம்தான் இருக்கின்றன. வரும் வியாழக்கிழமை விவேக் நகர் குழந்தை இயேசு ஆலயத்து நவநாள் வழிபாட்டுக்கு வரும்போது கொண்டுவருகிறேன். ஒன்றில் மட்டும் என் மகன் அட்டையைக் கடித்து வைத்திருக்கிறான். சிரிக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
தொகுப்பாசிரியர், பெங்களூரு