நந்தவன எருத்தொட்டி: திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். பெங்களூரில் உள்ள நம் கோயிலின் நிர்மால்யப் பூவை நந்தவனத்துக்கே எருவாக்கும் மூன்று தொட்டிகளும் கட்டி முடிந்தன. முதல் எரு துளசிப் பாத்திக்குப் போட்டாயிற்று. சுவாமிக்குச் சாத்திக் களைந்த மாலை இனிக் குப்பை வண்டியில் ஏறாது.

ஒவ்வொரு தொட்டியும் 4 அடி நீளம், 4 அடி அகலம், 3½ அடி உயரம். 3 அடிக்குக் குறைந்தால் குவியலில் சூடு தங்காது. காற்றோட்டத்துக்காகச் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கியிருக்கிறோம். அடியில் சிமெண்ட் இல்லை. மண் தரைமேல் அரையடிக்குத் தேங்காய் மட்டையும் சுள்ளியும். முன்பக்கம் கழற்றி மாட்டும் பலகை, மேலே தகரக் கூரை.

முதல் தடவை பூவை மட்டும் நிரப்பியது தவறு. பூவில் பெரும்பங்கு தண்ணீர்தான். பத்து நாளில் கொழகொழவென்று படிந்து, உள்ளே காற்றில்லாமல் அழுகிய முட்டை நாற்றம் எடுத்தது. எல்லாவற்றையும் வாரி வெளியே போட்டு, சருகு கலந்து மறுபடி அடுக்கினோம். இப்போது ஒரு கூடை பூவுக்கு இரண்டு கூடை சருகு, மேலே சாணிக் கரைசல் தெளிப்பு. கைப்பிடி அள்ளிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும். ஒழுகினால் சருகு சேர்க்கவும். எறும்பு ஏறினால் காய்ந்துவிட்டது, தண்ணீர் தெளிக்கவும்.

நாலாம் நாள் கடப்பாரையை நடுவில் செருகி, ஐந்து நிமிடம் கழித்து உருவித் தொட்டால் சுட வேண்டும். உள்ளே 55 முதல் 60 டிகிரி இருக்கும். வாரம் ஒருமுறை புரட்டி அடுத்த தொட்டிக்கு மாற்றுகிறோம். மூன்று மாதத்தில் மண்வாசனை வரும். மார்கழிக் குளிரில் இன்னும் இரண்டு வாரம் பிடிக்கும். போடுமுன் ஒரு சட்டியில் வெந்தயம் விதைத்துப் பார்க்கிறோம். முளை மஞ்சளித்தால் எரு இன்னும் பக்குவப்படவில்லை.

பெரிய தொல்லை மாலை நூல்தான். வாழைநார் மட்கிவிடும், நைலான் நூலும் ஜரிகையும் புரட்டும்போது மண்வெட்டியில் சுற்றிக்கொள்கின்றன. மாலையைத் தொட்டிக்கு வெளியே வைத்தே பிரித்து நூலை உருவ வேண்டும். சமைத்த பிரசாதம் போடக்கூடாது, எலி வரும். எண்ணெய்த் திரி, எலுமிச்சை விளக்கு, கற்பூரத் துண்டு ஆகியவையும் கூடாது.

மழை மாதங்களில் காய்ந்த சருகு கிடைக்காது. ஆகவே தையிலும் மாசியிலும் உங்கள் தெருவில் உதிரும் இலையை எரிக்காமல், காயவைத்துச் சாக்கில் கட்டி மடப்பள்ளிக்குப் பின்னாலுள்ள கொட்டகையில் சேர்த்துவிடுங்கள். தைல மர இலை மட்டும் வேண்டாம். அது மட்க ரொம்ப நாளாகும்.