ஏதென்ஸ் பாடத்தில் குலுக்கல் கல்லுக்கும் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். "மக்களாட்சி பிறந்த இடம் ஏதென்ஸ். அங்கே குடிமக்கள் எல்லோரும் ஓரிடத்தில் கூடி நேரடியாக வாக்களித்தார்கள்." பண்டைய கிரேக்கம் பற்றிய பாடக் குறிப்புகள் பலவும் இந்த இரண்டு வரிகளோடு நின்றுவிடுகின்றன. கிரேக்க வரலாறு பயிலும் மாணவன் என்ற முறையில் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஏதென்ஸின் ஆட்சிமுறை ஏராளமான சிறு விதிகளால் ஆனது. ஒவ்வொரு விதியையும் எடுத்து, "எந்த ஓட்டையை அடைக்க இது வந்தது?" என்று கேட்டால்தான் அது பிடிபடும். அந்தக் கேள்வியைத்தான் பாடங்கள் கேட்பதில்லை.

கி.மு. 508–507இல் ஏதென்ஸ் தலைவர் கிளீஸ்தனிஸ் செய்த சீர்திருத்தத்தை எடுத்துக்கொள்வோம். அவர் குடிமக்களைப் பத்துக் குலங்களாகப் பிரித்தார் என்று படிக்கிறோம். எப்படிப் பிரித்தார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நகரம், கடற்கரை, உள்நாடு என்ற மூன்று பகுதிகளிலிருந்தும் தலா பத்துக் கூறுகள், ஆக மொத்தம் முப்பது. பகுதிக்கு ஒன்றாக மூன்று கூறுகளைச் சேர்த்தால் ஒரு குலம். கடற்கரை மீனவரும் மலையடிவார விவசாயியும் நகரத்துக் குயவரும் ஒரே குலமாகப் போருக்குப் போனார்கள், ஒரே குலமாக அவைக்கு ஆள் அனுப்பினார்கள். பழைய பெருங்குடும்பங்கள் தங்கள் வட்டாரத்தைக் கைக்குள் வைத்துக்கொண்டு ஆட்டிவைக்க முடியாதபடி இந்தக் கலப்பு தடுத்தது. குலங்களுக்கு அடியில் 139 ஊர்கள். ஊரின் அளவுக்கு ஏற்ப ஐந்நூற்றுவர் அவையில் இடம்: அக்கார்னை என்ற பெரிய ஊருக்கு 22, சின்ன ஊர்களுக்கு ஒன்றோ இரண்டோ.

இந்த ஐந்நூற்றுவர் அவை இல்லாமல் மக்கள் பேரவையை விளக்கவே முடியாது. பினிக்ஸ் குன்றில் கூடிய பேரவை, நினைத்ததையெல்லாம் எடுத்துப் பேசிவிடவில்லை. எதைப் பேசுவது என்ற பட்டியலை முன்கூட்டியே தயாரித்தது இந்த அவைதான். உறுப்பினர்கள் 30 வயது கடந்தவர்கள், ஆண்டுதோறும் குலுக்கலில் வந்தவர்கள், வாழ்நாளில் இரண்டு முறைக்கு மேல் அமர முடியாதவர்கள். ஆண்டைப் பத்தாகப் பிரித்து, 35 அல்லது 36 நாட்களுக்கு ஒரு குலத்தின் ஐம்பது பேர் தலைமைக்குழுவாக இருந்தார்கள். அந்த ஐம்பது பேரில் ஒருவர் குலுக்கலில் தேர்வாகி, ஒரு பகலும் ஓர் இரவும் மட்டும் தலைவர். கருவூலச் சாவியும் அரசு முத்திரையும் அவர் கையில். மறுநாள் வேறொருவர். ஒருமுறை இருந்தவர் மீண்டும் வர முடியாது.

இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஐம்பது பேர், 35 நாட்கள், ஒருவருக்கு ஒரு நாள். அதாவது அவையில் இருந்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் அந்த ஆண்டில் ஒரு நாளாவது ஏதென்ஸின் தலைவராக இருந்திருக்கிறார்கள். "நேரடி மக்களாட்சி" என்ற சொல்லைவிட இந்தச் சிறு கணக்கு மாணவருக்கு அதிகம் சொல்லும்.

இனி, என் தலைப்பில் உள்ள குலுக்கல் கல். இதற்குக் கிளெரோட்டீரியன் என்று பெயர். இதன் உடைந்த துண்டுகளை ஏதென்ஸின் பழைய சந்தைத் திடலான அகோராவில் உள்ள அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம். ஆள் உயரக் கற்பலகை, அதில் வரிசை வரிசையாகச் சிறு பிளவுகள், பக்கவாட்டில் ஒரு குழாய். நீதிமன்றத்தில் அன்று யார் யார் அமர்வது என்று தீர்மானித்தது இதுதான். ஆண்டுக்கு 6,000 பேர் நீதிக்குழுவுக்கு உறுதிமொழி எடுத்திருப்பார்கள். வழக்கைப் பொறுத்து 201, 401, 501 பேர் என்று அமர்வார்கள். இவ்வளவு பேருக்குமா லஞ்சம் கொடுக்க முடியும் என்று தோன்றும். ஆனால் கொடுத்தார்கள். முதலில் இதைச் செய்தவர் அனிட்டஸ் என்று சொல்லப்படுகிறது. பிற்பாடு சாக்ரடீஸ்மேல் வழக்குத் தொடுத்தவர்களில் ஒருவரும் அவரே.

அரிஸ்டாட்டிலின் காலத்தில், அதாவது கி.மு. நான்காம் நூற்றாண்டின் பிற்பாதியில், இந்த வழியை அடைத்த விதம் இது. ஒவ்வொரு நீதிக்குழு உறுப்பினருக்கும் பெயர் பொறித்த சீட்டு உண்டு. முதலில் வெண்கலத்தில், பிறகு மரத்தில். அதில் கிரேக்க எழுத்துகளின் முதல் பத்தில் ஒன்று இருக்கும். விடிந்ததும் அந்த எழுத்துக்குரிய பெட்டியில் சீட்டைப் போட வேண்டும். பெட்டியைக் குலுக்கி முதலில் எடுக்கும் சீட்டுக்கு உரியவர்தான் மற்றச் சீட்டுகளைப் பலகையில் செருகுவார். ஒரே ஆள் தினமும் செருகினால் வேண்டியவரை வேண்டிய வரிசையில் வைத்துவிடுவாரே! அதனால் செருகுபவரும் குலுக்கலில். பலகை ஒன்றுக்கு ஐந்து பத்திகள், எழுத்துக்கு ஒரு பத்தி. ஒரு குலத்துக்கு இரண்டு பலகைகள். கறுப்பும் வெள்ளையுமான கட்டைகளைக் கலந்து குழாயில் கொட்டுவார்கள். ஒவ்வொன்றாகக் கீழே விழும். வெள்ளை விழுந்தால் மேல் வரிசையின் ஐந்து பேரும் தேர்வு. கறுப்பு விழுந்தால் ஐந்து பேரும் வீட்டுக்கு. அடுத்த கட்டை அடுத்த வரிசைக்கு.

அதோடும் முடியவில்லை. தேர்வானவர் ஒரு பானையில் கைவிட்டு, எழுத்துப் பொறித்த ஓக் கொட்டை போன்ற வில்லையை எடுப்பார். எந்த நீதிமன்றம் என்பதை அந்த எழுத்துதான் சொல்லும். நீதிமன்ற வாசலின் மேல்விட்டத்துக்கு ஒரு நிறம்; அதே நிறத்தில் ஒரு கோல் அவர் கையில் தரப்படும். நிறம் மாறிய கோலோடு வேறு வாசலில் நுழைய முடியாது. காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது, தான் இன்று அமர்வோமா, அமர்ந்தால் எந்த வழக்கில் என்று உறுப்பினருக்கே தெரியாது. அப்புறம் லஞ்சம் கொடுப்பவர் யாரிடம் போவார்?

இந்த விவரமெல்லாம் 1891 வரை அறிஞர்களுக்கே முழுதாகத் தெரியாது. அரிஸ்டாட்டிலோ அவருடைய மாணவர் ஒருவரோ எழுதிய ஏதென்ஸ் அரசமைப்பு நூல், எகிப்தில் கிடைத்த பாப்பிரஸ் சுருள்களிலிருந்து அந்த ஆண்டில்தான் அச்சுக்கு வந்தது. சுருளின் முன்பக்கம் ஒரு பண்ணையின் வரவு செலவுக் கணக்கு; பின்பக்கம் ஏதென்ஸின் ஆட்சி. மேலே நான் சொன்ன நீதிமன்ற நடைமுறை அங்கிருந்து வந்தது.

வகுப்பறையில் இதைச் செய்து காட்டுவது மிக எளிது. நாற்பது மாணவர்கள் என்றால் கெட்டி அட்டையில் ஐந்து பத்திகள், எட்டு வரிசைகள் என்று கீறல் போடுங்கள். இருபது பேர் வேண்டும் என்றால் நான்கு வெள்ளைக் கோலி, நான்கு கறுப்புக் கோலி. கோலியைவிடச் சற்றே அகலமான குழாய் வேண்டும். அதிகம் அகலமானால் இரண்டு கோலிகள் சேர்ந்து விழும் அல்லது ஒன்றையொன்று நெருக்கி மாட்டிக்கொள்ளும். குழாயில் போடுவதற்கு முன்பே கோலிகளை நன்றாகக் கலக்க வேண்டும், உள்ளே போனபின் வரிசை மாறாது. ஐந்து பத்திகளிலும் சீட்டின் எண்ணிக்கை சமமாக இருக்கட்டும். ஒன்றில் குறைந்தால் அடிவரிசை நிரம்பாமல், மற்றப் பத்திகளில் அங்கே இருப்பவர்கள் வாய்ப்பை இழப்பார்கள். பலர் செய்யும் தவறு, இதற்குப் பதிலாக ஆளுக்கு ஒரு சீட்டுக் குலுக்கி முடித்துவிடுவது. அப்படிச் செய்தால் வரிசைக்கு வரிசை ஐந்து பிரிவிலிருந்தும் ஒருவர் என்ற சமநிலை காணாமல் போகிறது. இவ்வளவு சிரமப்பட்டு ஏன் ஒரு கல்லைச் செதுக்கினார்கள் என்பதும் புரியாமல் போகிறது.

கால மயக்கம் இன்னொரு பெரிய குறை. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டுத் தலைவர் பெரிக்ளிஸ் காலத்து ஏதென்ஸைப் படமாக வரைந்து, அதில் நூறு ஆண்டு பிந்திய விதிகளை நிரப்பிவிடுகிறார்கள். நீதிக்குழுவுக்குக் கூலி கொடுக்கத் தொடங்கியவர் பெரிக்ளிஸ்தான். அதைப் பிறகு கிளியோன் என்ற அரசியல்வாதி மூன்று ஓபோலாக (ஓபோல் என்பது சிறு நாணயம்) உயர்த்தினார். ஆனால் பேரவைக்கு வருபவருக்குக் கூலி கி.மு. 403க்குப் பிறகுதான் வந்தது. ஒரு ஓபோலில் ஆரம்பித்து, அரிஸ்டாட்டில் காலத்தில் சாதாரணக் கூட்டத்துக்கு ஒரு டிராக்மா, அதாவது ஆறு ஓபோல், முக்கியக் கூட்டத்துக்கு ஒன்பது ஓபோல் வரை போனது. ஆண்டுக்கு நாற்பது கூட்டம் என்பதும் நான்காம் நூற்றாண்டுக் கணக்கு. விடைத்தாளில் எந்த விதியை எழுதினாலும் பக்கத்தில் எந்த நூற்றாண்டு என்று குறிக்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

ஏன் இந்த மாற்றங்கள் வந்தன என்று கேட்டால், தோல்விகளைப் படித்தாக வேண்டும். கி.மு. 427இல் கிளர்ச்சி செய்த மித்திலீன் நகரத்து ஆண்களையெல்லாம் கொல்லவும், பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்கவும் பேரவை ஒரே கூட்டத்தில் முடிவெடுத்தது. கப்பலும் புறப்பட்டுவிட்டது. மறுநாள் மனம் மாறி, மயிரிழையில் தீர்மானத்தைத் திருப்பினார்கள். பின்னால் போன கப்பலின் துடுப்புக்காரர்கள், மதுவிலும் எண்ணெயிலும் பிசைந்த பார்லி மாவைத் துடுப்புப் போட்டபடியே தின்று, முறைவைத்துத் தூங்கி, கடைசி நேரத்தில் போய்ச் சேர்ந்தார்கள். கி.மு. 406இல் அப்படித் தப்பிக்க யாருக்கும் வாய்க்கவில்லை. ஆர்கினூசே கடற்போரில் வென்ற தளபதிகளை, மூழ்கியவர்களைக் காப்பாற்றவில்லை என்று சொல்லி, தனித்தனியாக விசாரிக்காமல் ஒரே வாக்கெடுப்பில் தண்டித்தார்கள். ஆறு பேர் கொல்லப்பட்டார்கள். அன்று தலைமைக்குழுவில் இருந்த சாக்ரடீஸ், இது சட்டப்படி ஆகாது என்று மறுத்தார்; பலனில்லை. கி.மு. 403க்குப் பிறகு நிலையான சட்டம் வேறு, அன்றாடத் தீர்மானம் வேறு என்று பிரித்து, சட்டத்தைத் திருத்தத் தனிக்குழுவும் நீண்ட நடைமுறையும் வைத்தார்கள். சட்டத்துக்கு முரணாகத் தீர்மானம் கொண்டுவந்தால் முன்மொழிந்தவரையே நீதிமன்றத்தில் நிறுத்தும் வழி ஏற்கெனவே இருந்தது. அது இப்போது வலுப்பெற்றது.

நாடுகடத்தல் வாக்கெடுப்பையும் இப்படித்தான் கற்பிக்க வேண்டும். பானை ஓட்டில் பெயர் கீறி ஒருவரைப் பத்தாண்டு வெளியேற்றலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஏதென்ஸின் கோட்டைக் குன்றான அக்ரோபோலிஸின் வடசரிவில் ஒரு கிணற்றில் தெமிஸ்டோக்ளிஸ் என்ற தலைவரின் பெயர் எழுதிய ஓடுகள் சுமார் 190 கிடைத்தன. கையெழுத்தைப் பார்த்தால் எழுதியவர்கள் பதினான்கு பேர்தான். முன்கூட்டியே எழுதிவைத்து விநியோகிக்கத் தயார்செய்த ஓடுகள் அவை. வாக்காளரே யோசித்துக் கீறிய ஓடு என்ற கற்பனை அங்கே உடைகிறது.

யாருக்கு இடமில்லை என்பதைக் கடைசி வரியில் சேர்க்கும் வழக்கமும் மாறட்டும். பெண்கள், அடிமைகள், குடியேறிய வெளியூரார் ஆகியோருக்கு வாக்கில்லை. கி.மு. 451–450இல் பெரிக்ளிஸ் கொண்டுவந்த சட்டப்படி, பெற்றோர் இருவரும் ஏதென்ஸ்காரராக இருந்தால்தான் குடியுரிமை. ஆனால் அடிமைகள் இந்த ஆட்சி இயந்திரத்துக்கு வெளியே நின்றவர்களும் அல்லர். கி.மு. 375–374இன் நாணயச் சட்டம் அகோராவில் கல்வெட்டாகக் கிடைத்திருக்கிறது. சந்தையில் வெள்ளி நாணயத்தைச் சோதித்து நல்லது, கள்ளது என்று சொல்லும் வேலையை அது ஓர் அரசு அடிமைக்குத் தருகிறது. அவர் நல்லது என்ற நாணயத்தைக் குடிமகன் வாங்கித்தான் ஆக வேண்டும். அதே சட்டம், அவர் தன் இடத்தில் உட்காரத் தவறினால் ஐம்பது சாட்டையடி என்கிறது. அதிகாரமும் சாட்டையும் ஒரே ஆளின்மேல், ஒரே கல்லில்.

தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் அரைப்பக்கம் ஒதுக்கி, மேலே சொன்ன ஐந்து பத்தி, எட்டு வரிசைப் பலகையை வெட்டி ஒட்டும் படமாக அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறேன். நாற்பது சீட்டுகளுக்கும் அதிலேயே இடம் இருக்கும். குழாயும் எட்டுக் கோலியும் வகுப்பில் பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
பண்டைய கிரேக்க வரலாறு பயிலும் மாணவன்