ஆக்ஸிலரேட்டர் கலக்காத ரெசினை விற்றது குறித்த புகார்

பெறுநர்: மேலாளர் அவர்கள், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

மதிப்பிற்குரிய ஐயா,

என் பிக்கப் வண்டியின் பின்புறத்தில் நானே கட்டிவரும் ஃபைபர் கேம்பர் கூண்டுக்காக, மார்ச் 4ஆம் தேதி தங்கள் கோவைக் கிடங்கில் 35 கிலோ ரெசின் கேன்கள் இரண்டை 13,650 ரூபாய்க்கு வாங்கினேன். கேனில் 'ஆக்ஸிலரேட்டர் கலந்தது', அதாவது இறுகுவதை விரைவுபடுத்தும் பொருள் கலந்தது, என்று தாங்களே அச்சிட்டிருப்பதை நம்பி, இறுகலைத் தொடங்கிவைக்கும் கேட்டலிஸ்டை மட்டும் கிலோவுக்கு 20 கிராம் சேர்த்து, 8 அடி நீளக் கூரையில் சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள கண்ணாடியிழை மேட்டை மூன்று அடுக்காகப் பதித்தேன். அரை மணிக்குள் இறுக வேண்டியது ஆறு நாளாகியும் இறுகவில்லை. விரலை வைத்தால் கருப்பட்டிப் பாகாக இழுக்கிறது. மேலே விழுந்த வேப்பஞ்சருகை எடுத்தால் மேட்டின் இழையும் சேர்ந்து வருகிறது.

தொலைபேசியில் கேட்டால் கிடங்குக்குப் போகச் சொல்கிறார்கள். கிடங்கில் கேட்டால் தொலைபேசியில் பதிவு செய்யச் சொல்கிறார்கள். பொள்ளாச்சியிலிருந்து மூன்று முறை வந்து திரும்பினேன். மூன்றாம் முறை அங்கிருந்த தங்கள் மேற்பார்வையாளர், கைப்பேசியிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தாமல், "தெர்மாகோல் மேல ஊத்திட்டு எங்களைக் குறை சொல்றீங்களா?" என்றார். தெர்மாகோலை இந்த ரெசின் கரைத்துவிடும் என்பதால்தான் கூடுதல் விலை கொடுத்துப் பாலியூரித்தேன் பலகை போட்டிருக்கிறேன் என்றேன். அதற்கு அவர் சொன்ன பதிலை நான் மறக்கமாட்டேன்: "அப்ப கோபால்ட்டையும் கேட்டலிஸ்டையும் ஒரே பாட்டில்ல கலந்து ஊத்துங்க." கோபால்ட்தான் அந்த ஆக்ஸிலரேட்டர்; அதையும் கேட்டலிஸ்டையும் நேரடியாகக் கலந்தால் தீப்பற்றி வெடிக்கும் என்பது இத்தொழிலில் முதல் நாள் சொல்லித்தரும் பாடம். விவரம் அறியாத ஒருவர் அதைக் கேட்டு வீட்டில் கலந்திருந்தால் அவர் கண்ணுக்கும் கைக்கும் யார் பொறுப்பு?

பழுது எங்கே என்பதை நானே கண்டுபிடித்துவிட்டேன். வேறு கடையில் கோபால்ட் வாங்கி, இரண்டு காகிதக் கோப்பைகளில் தங்கள் ரெசினை நூறு நூறு கிராம் எடுத்து, ஒன்றில் மட்டும் சில சொட்டுக் கோபால்ட் விட்டு நன்றாகக் கலக்கிய பிறகு, இரண்டிலும் கேட்டலிஸ்ட் சேர்த்தேன். கோபால்ட் விட்டது 18 நிமிடத்தில் கையில் பிடிக்க முடியாத சூட்டுடன் கல்லானது. மற்றது மறுநாளும் வழிந்தது. இதைச் சொல்லத்தான் மூன்றாம் முறை வந்தேன், சொல்ல விட்டால்தானே!

கூரை முழுவதையும் உரித்தெடுக்க வேண்டும். மேட், பலகை, நான்கு மாத உழைப்பு எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துக்கும் மேல் பாழாகிவிட்டது. என் தாயாரை இக்கோடையில் வால்பாறைக்கு அழைத்துச் செல்வதாகச் சொன்ன வாக்கும் போயிற்று. அருள்கூர்ந்து ரெசினின் விலையையும் கூரைக்கான பொருட்செலவையும் திருப்பித் தருமாறும், அந்த மேற்பார்வையாளரின் எழுத்து மூலமான விளக்கத்தைப் பெற்று அனுப்புமாறும் கேட்டுக்கொள்கிறேன். 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் பதிவதுடன், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆணையத்திலும் வழக்குத் தொடுப்பேன். மீதமுள்ள கேனை முத்திரை உடைக்காமல் வைத்திருக்கிறேன். தங்கள் ஆய்வகத்திலிருந்து யாரேனும் வந்தால் அவர் முன்னிலையில் திறக்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
பொள்ளாச்சி.

இணைப்பு: பில் நகல், லேபிளின் படம், இரண்டு கோப்பைகளின் படம்.