புறவாசல் தளமும் கரிசல் மண்ணும்

திருநெல்வேலி,
மார்கழி 10

அன்புள்ள பெருமாளுக்கு,

கடிதமும் நீ கோடு போட்டு அனுப்பிய படமும் சேர்ந்தே வந்தன. பேத்தி சுவரைப் பிடித்து நடக்கிறாள் என்று எழுதியிருந்தாய். அவள் ஓட ஆரம்பிப்பதற்குள் புறவாசலில் கான்கிரீட் தளத்தைப் போட்டு முடித்துவிடலாம், அவசரமில்லை.

உன் கொத்தனார் மூன்று விஷயம் சொல்லியிருக்கிறார். 3 அங்குலக் கனம் போதும், கம்பி தேவையில்லை, ஒரே நாளில் போட்டு முடித்துவிடலாம். இதில் கடைசி ஒன்று மட்டும் சரி, அதுவும் ஒரு நிபந்தனையோடு. மற்ற இரண்டையும் செம்மண் தேரிக்காட்டில் சொன்னால் தலையாட்டியிருப்பேன். கரிசல் மண் கிடக்கிற உன் கோவில்பட்டியில் ஆகாது.

கரிசலின் குணம் உனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சித்திரையில் கை நுழைகிற மாதிரி வெடிக்கும், ஐப்பசி மழையில் ஊதும். அதன்மேல் நேராகத் தளம் போட்டால் என்ன ஆகும் என்று பார். தளம் ஒரு மூடி மாதிரி. நடுவில் இருக்கிற மண்ணின் ஈரம் அப்படியே நிற்கும், ஓரத்து மண் மட்டும் வெயிலில் காய்ந்து இறங்கும். தளத்தின் ஓரம் அந்தரத்தில் தொங்கும், யாராவது ஒரு மூட்டையை அங்கே போட்டால் உடையும். மழைக்காலத்தில் இது தலைகீழ்: ஓரம் ஊதித் தூக்கும், நடு அப்படியே கிடக்கும். ஊர்ப்பக்கம் உலர்களங்களைப் போய்ப் பார். பல களங்களில் விரிசல் ஓரத்திலிருந்து மூன்று நாலடி உள்ளே தள்ளி, ஓரத்துக்கு இணையாக ஓடும். சிமெண்ட் மோசம் என்று அங்கே எல்லாரும் சிமெண்டைத் திட்டுவார்கள்.

அதனால் தோட்டத்துப் பக்கம் 1 அடி 2 அங்குலம், சுவரோரம் 11 அங்குலம் என்று சாய்வாகத் தோண்டு. தளம் 20 அடிக்கு 12 அடி என்றால், வீட்டுச் சுவர் இல்லாத மூன்று பக்கமும் 1 அடி கூடுதலாக, அதாவது 22-க்கு 13 தோண்ட வேண்டும். அந்தக் கரிசலை அள்ளி வெளியே தள்ளிவிடு. அதையே திரும்ப நிரப்ப ஆள் கிளம்புவார்கள், விடாதே. 1 அடி உயரத்துக்குக் கிராவல், அதாவது உதிரும் சரளை மண். இறுகிய பின் 286 கன அடி வேண்டும் என்றால், உதிரியாக வந்து இறங்கும்போது சுமார் 370, அதாவது 100 கன அடிக்கு ஒரு யூனிட் என்ற கணக்கில் மூன்றே முக்கால் யூனிட். கிராவல் என்ற பேரில் களிமண்ணும் வரும். வண்டி கவிழ்ப்பதற்கு முன் ஒரு பிடி எடுத்து நனைத்து உள்ளங்கையில் உருட்டு. விளக்குத்திரி மாதிரி நீண்டு வந்தால் திருப்பி அனுப்பு. உதிர்ந்து போனால் நல்ல சரக்கு.

6 அங்குலம் 6 அங்குலமாக இரண்டு அடுக்கு. 1 அடியை ஒரே தடவையில் கொட்டி மேலே குத்தினால் மேல் 4 அங்குலம்தான் இறுகும், கீழே பஞ்சு மாதிரி இருக்கும். மண்ணை அதிர்த்து இறுக்கும் பிளேட் கம்பாக்டர் ஒன்றை ஒரு நாள் வாடகைக்கு எடு. திமிசுக் கட்டையால் முடியும், ஆனால் இத்தனை பரப்புக்கு ஆள் பாதியில் சலித்துவிடுவான். தண்ணீர் தெளித்தால் போதும், தேக்கிவிடாதே. செம்மண்ணில் தண்ணீர் விட்டு அமுக்குவது பழக்கம். இங்கே அந்தத் தண்ணீர் கீழே இறங்கிக் கரிசலை ஊத வைக்கும், நாமே வினையை விதைத்த மாதிரி ஆகும்.

உன் படத்தில் தெற்கு மூலையிலிருந்து 8 அடியில் வேம்பு இருக்கிறது. வேர் தளத்தைத் தூக்குவதைவிட, கோடையில் மண்ணிலிருந்து தண்ணீரை உறிஞ்சி மூலையை இறக்குவதுதான் கரிசலில் முதலில் நடக்கும். தளத்தை வடக்கே 3 அடி நகர்த்த முடிந்தால் நகர்த்து. மரத்தை வெட்டச் சொல்லமாட்டேன்.

மட்டம். சுவரோரம் உயரம், தோட்டத்துப் பக்கம் தாழ்வு. அடிக்கு கால் அங்குலம் சாய்வு, 12 அடிக்கு 3 அங்குலம் வரும். இதைவிடக் குறைத்தால் சொரசொரப்பான தளத்தில் தண்ணீர் அங்கங்கே குட்டையாக நிற்கும். தாழ்ந்த முனையே தரையிலிருந்து 2 அங்குலம் மேலே இருக்கட்டும், சுவரோரம் 5 அங்குலம் வரும். வாசற்படியிலிருந்து 6 அங்குலமாவது கீழே இருக்கிறதா என்று டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய மட்டக் குழாய்) வைத்துப் பார். மூலைமட்டத்தை நம்பி 20 அடி இழுக்காதே. குறுக்காக அளந்து பார். இரண்டு குறுக்களவும் 23 அடி 4 அங்குலத்துக்கு ஒரு நூல் (அரைக்கால் அங்குலம்) குறைவாக வந்தால் மூலை சரி.

பலகை அடிக்கும்போது சுவர் இல்லாத மூன்று ஓரத்திலும் கிராவலில் 8 அங்குல அகலத்துக்கு இன்னும் 4 அங்குலம் சிறு பள்ளமாக எடு. ஓரக் கனம் 8 அங்குலம் ஆகும். ஓரத்துக்கு முதுகெலும்பு கிடைக்கும், அடியில் கிராவல் அரித்துப் போகாது. நடுவில் எல்லாம் 4 அங்குலம். பின்னால் எப்போதாவது காரை உள்ளே விடுவதாக இருந்தால் இப்போதே சொல், 5 அங்குலமாக்க வேண்டும்.

வீட்டுச் சுவரைத் தளம் தொடவே கூடாது. சுவர் நெடுக அரை அங்குலத் தெர்மோகோல் பட்டையை முழுக் கனத்துக்கும் நிறுத்தி வை. வீடு ஆழமான அஸ்திவாரத்தில் நிற்கிறது, தளம் மண்மேல் கிடக்கிறது. இரண்டையும் கட்டிப்போட்டால் ஏதாவது ஒன்று பிளந்துகொள்ளும். செப்டிக் டேங்க் மூடி, குழாய் தலை காட்டும் இடம், எல்லாவற்றையும் சுற்றி இதே பட்டை. பின்னால் தோட்டத்துக்கு விளக்கு, தண்ணீர் கொண்டுபோக 4 அங்குல பிவிசி குழாய் ஒன்றைக் கிராவலுக்குள் குறுக்கே போட்டு, இரண்டு முனையும் மூடி வை. தளம் போட்ட மறுமாசம் உடைக்கிற வேலை மிச்சம்.

கம்பி விஷயத்தில் கொத்தனார் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது: கம்பி விரிசலைத் தடுக்காது. விரிந்த இடத்தை மயிரிழையாகப் பிடித்து வைக்கும், ஒரு பக்கம் உயர்ந்து ஒரு பக்கம் தாழாமல் பார்த்துக்கொள்ளும். கரிசலில் அதற்காகவே வேண்டும். 8 மி.மீ. கம்பி, 8 அங்குல இடைவெளி, நீளவாக்கிலும் குறுக்கிலும் வலையாக. 40 அடி நீளக் கம்பி 20 வாங்கு, சுமார் 95 கிலோ. இதில் ஒரு தப்பு எங்கும் நடக்கும். வலையைத் தரையில் விரித்துவிட்டு, "கான்கிரீட் கொட்டும்போது கொக்கியால தூக்கிக்கலாம் சார்" என்பார்கள். தூக்கின இடத்தில் மறு நிமிஷமே சித்தாள் மிதிப்பாள். வலை தரைக்கே போய்விடும், அதற்கப்புறம் அது இருந்தாலும் ஒன்றுதான் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். கம்பிக்கு அடியில் வைக்கிற 2 அங்குல உயரச் சிறு கட்டை, அதாவது கவர் பிளாக், 40 வாங்கி, இரண்டரை அடிக்கு ஒன்றாகக் கட்டிவிடு. அப்போது வலைக்கு மேலே ஒன்றேகால் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கான்கிரீட் நிற்கும். இந்த அளவு ஏன் என்பது கட்டர் வெட்டும்போது தெரியும்.

சரக்கு: ஓரக் கனத்தையும் சேதாரத்தையும் சேர்த்து மொத்தம் 95 கன அடி கான்கிரீட். 1:1½:3 கலவைக்கு (சிமெண்ட், மணல், ஜல்லி) சிமெண்ட் 22 மூட்டை, எம்-சாண்ட் 40 கன அடி, முக்கால் ஜல்லி 80 கன அடி. சிமெண்ட் மூட்டையில் அச்சடித்த வாரத்தைப் பார், மூன்று மாசம் தாண்டியதை வாங்காதே. எம்-சாண்டில் கையை விட்டு எடுத்தால் மாவு மாதிரி ஒட்டக்கூடாது. பூச்சுக்கு வருகிற பி-சாண்டைக் கலந்து தள்ளுகிறவர்கள் உண்டு. உன் போர்வெல் தண்ணீர் உப்பு என்று முன்பு எழுதியிருக்கிறாய். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456 விதி. சோதிக்க வழியில்லை என்றால் குடிதண்ணீர் லாரி ஒன்று சொல்லிவிடு, கலப்பதற்கு வேண்டியது 600 லிட்டர்கூட ஆகாது.

சட்டிக் கணக்கு வேண்டாம். ஒரு மூட்டைச் சிமெண்ட் ஒன்றேகால் கன அடி. அந்த அளவில் ஒரு மரப்பெட்டி அடித்து வை: மூட்டைக்கு மணல் ஒன்றரைப் பெட்டி, ஜல்லி மூன்று பெட்டி. மணல் ஈரமாக இருந்தால் உப்பிக் காட்டும், அப்போது பெட்டியைக் கொஞ்சம் கூம்பாக நிரப்பச் சொல், தண்ணீரைக் குறை. தண்ணீர் மூட்டைக்கு 25 லிட்டர், என்ன ஆனாலும் 27-க்கு மேல் போகக்கூடாது. இதுதான் சண்டை வரும் இடம். வேலை ஓடுவதற்காக மிக்சரில் குழாயைச் சொருகிவிடுவார்கள். தளதளவென்று ஓடுகிற கலவையில் ஜல்லி அடியில் தங்கும், மேலே சிமெண்ட் பால் ஏறும். ஆறு மாசத்தில் கூட்டக் கூட்டத் தூசி வருவது அதனால்தான். குழாயைக் கழற்றிவிட்டு அளவு போட்ட வாளி இரண்டு வை. ஒவ்வொரு கலவையும் இரண்டு நிமிஷம் சுற்றட்டும். கையில் அள்ளிப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் வழியக்கூடாது.

தை பிறந்ததும் உடனே வேண்டாம். மழை ஈரத்தில் மண் இன்னும் ஊதித்தான் இருக்கும். தை கடைசியிலோ மாசி முதலிலோ, ஊதலும் இல்லாமல் வெடிப்பும் விடாமல் மண் நடுவாக இருக்கிற நாளாகப் பார்த்து, காலை 6 மணிக்கு மிக்சர் ஓட வேண்டும். முந்தின சாயந்தரம் கிராவலை நனைத்துவிடு. காலையில் ஈரம் இருக்க வேண்டும், தண்ணீர் நிற்கக்கூடாது. 12 அடிக்கு மட்டப்பலகை இழுக்க முடியாது என்பதால் நடுவில் 6 அடியில் ஒரு இரும்புச் சதுரக் குழாயை மட்டத்துக்கு வைத்து இழுத்துக்கொண்டே போய், பின்னாலேயே எடுத்து அந்தத் தடத்தை நிரப்பச் சொல். ஓரப் பள்ளங்களில் ஒரு கம்பியால் நன்றாகக் குத்தினால் போதும்.

இழுத்து முடித்த கொஞ்ச நேரத்தில் மேலே தண்ணீர் கசிந்து பளபளவென்று மினுங்கும். அதைக் கண்டதும் கொத்தனாருக்குக் கை துறுதுறுக்கும், உலர்ந்த சிமெண்டைத் தூவி உறிஞ்ச வைத்துத் தேய்க்கப் பார்ப்பார். அதை மட்டும் செய்ய விடாதே. அந்தத் தூவல் காகிதக் கனத்தில் ஒரு தோலாகிச் சிலந்தி வலை மாதிரி கீறும், பிறகு தகடு தகடாகப் பெயரும். மினுக்கம் தானாக மங்கும்வரை காத்திரு. பெருவிரலை அழுத்தினால் கால் அங்குலத்துக்கு மேல் இறங்கக்கூடாது, விரலில் தண்ணீர் ஒட்டக்கூடாது. அப்போது மணியாஸ் கட்டை (தேய்க்கிற மரக்கட்டை) போடலாம். கரணையால் கண்ணாடி மாதிரி இழைக்க வேண்டாம், மழையில் பேத்தி வழுக்குவாள். நைலான் விளக்குமாற்றைச் சாய்வின் போக்கிலேயே ஒரே இழுப்பாக, சுவரிலிருந்து தோட்டத்துப் பக்கம் இழுத்தால் கோடுகள் வழியாகவே தண்ணீர் ஓடிவிடும்.

ஒரே நாளில் போடுவதற்கு நிபந்தனை என்றேனே, அது இதுதான். அன்றைக்கே வெட்ட வேண்டும். கான்கிரீட் காயும்போது சுருங்கும், எங்கேயாவது கீறித்தான் தீரும்; அது எங்கே என்பதை நாம் முடிவு செய்கிறோம். 20 அடியை மூன்றாக, 12 அடியை இரண்டாக வெட்டினால் 6 அடி 8 அங்குலத்துக்கு 6 அடியாக ஆறு கட்டம். 4 அங்குலக் கனத்துக்கு 8 அடிக்கு மேல் விடாமல், கட்டம் சதுரத்தை ஒட்டி இருந்தால் நல்லது. டைல்ஸ்காரரின் 4 அங்குல மார்பிள் கட்டரே போதும், ஆழம் 1 அங்குலம், கம்பியைத் தொடாது. ஆனால் வெட்டுக் கோடு வரும் இடங்களில் கம்பியை ஒன்று விட்டு ஒன்று முன்னாலேயே வெட்டி வைத்திருக்க வேண்டும். எல்லாக் கம்பியும் தொடர்ந்தால் கட்டம் பிரியாமல் நடுவில் கீறும். எப்போது வெட்டுவது? காலையில் போட்டது என்றால் சாயந்தரம் ஓரத்தில் ஓரடி வெட்டிப் பார். ஜல்லி பெயர்ந்து வந்தால் ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பிப் பார். சுத்தமாக வெட்டினால் அப்போதே எல்லாவற்றையும் முடித்துவிடு. "நாளைக்குக் காலையில வந்து வெட்டுறேன்" என்றால் அதற்குள் தளம் தானே வெட்டிக்கொண்டிருக்கும்.

வெட்டி முடித்ததும் பிளாஸ்டிக் தாளை விரித்துக் கல் வைத்துவிடு. ராத்திரிக் காற்றும் ஈரத்தைக் குடிக்கும். மறுநாளிலிருந்து ஈரச் சாக்கு. 3 அங்குலச் சாய்வில் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கினால் ஒரு பக்கம் குளம், ஒரு பக்கம் பொட்டல், அதனால் சாக்குதான் சரி. பி.பி.சி. (சாம்பல் கலந்த) சிமெண்ட் என்றால் 14 நாள், காலை, மத்தியானம், சாயந்தரம் நனைக்க வேண்டும். சாக்கு ஒரு தடவை நனைந்து ஒரு தடவை காய்ந்துகொண்டே இருந்தால் நனைக்காததற்குச் சமம். இரண்டு நாளில் நடக்கலாம், ஒரு வாரத்தில் ஸ்கூட்டரை ஏற்றலாம்.

28 நாள் கழித்து வெட்டுக் கோடுகளில் ஊதித் தூசி எடுத்து பாலியூரிதேன் சீலன்ட் (ரப்பர் மாதிரி இறுகி இடுக்கை அடைக்கும் பசை) அடித்துவிடு. சுவரோரம் தெர்மோகோலை மேலே அரை அங்குலம் சுரண்டிவிட்டு அங்கேயும் அடி. கீழே கரிசலுக்குத் தண்ணீர் போகிற வாசல் அவைதான். மாடியிலிருந்து இறங்குகிற மழைக்குழாய் இப்போது தளத்தின் மூலையில் விழுகிற மாதிரி படத்தில் இருக்கிறது, அதை நீட்டி வாய்க்காலில் விடு.

பேவர் பிளாக் பற்றி மதனி கேட்டதாக எழுதியிருந்தாய். கரிசலுக்கு அதுவும் தப்பில்லை, மேடு பள்ளம் விழுந்தால் பெயர்த்து மறுபடி போட்டுக்கொள்ளலாம். ஆனால் அதற்கும் இதே கிராவல், இதே ஓரக்கட்டு வேண்டும், இடுக்கில் புல் முளைக்கும், அதைப் பிடுங்க ஆள் வேண்டும். மதனியே முடிவு செய்யட்டும்.

கிராவல் வந்து இறங்கும் நாளை முன்கூட்டிச் சொல், உருட்டிப் பார்க்க நானும் வருகிறேன். வரும்போது அல்வா வேண்டுமா என்பதையும் எழுது.

அன்புடன்,
சுப்பையா